வேனில் டியூபுலரைக் கழற்றிவிட்டு லித்தியம் மாட்டினால் மட்டும் போதுமா?

குமுளியில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்: படுக்கை, ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்த வேனில் உள் உபயோகத்துக்கு இருக்கும் 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் லெட்-ஆசிட் பேட்டரிக்குப் பதிலாக 100 ஏஎச் லித்தியம் பேட்டரி போடலாமா என்று. தாராளமாகப் போடலாம். டியூபுலரைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும்; வேன்களுக்கு வழக்கமாகப் போடும் லித்தியம் வகையான லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 80 சதவீதம் வரை தைரியமாக எடுக்கலாம். ஆக, கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய அதே அளவு. எடையோ 50 கிலோவுக்கு மேல் இருந்தது 12 கிலோ அளவுக்கு வந்துவிடும்.

ஆனால் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) விஷயத்தில் தயவுசெய்து அசட்டையாக இருக்காதீர்கள். லித்தியத்துக்கு உள்மின்தடை ரொம்பக் குறைவு. காலியாக இருந்தால் கிடைக்கிற கரண்டை எல்லாம் இழுக்கும். அடிவாரத்து லோயர் கேம்ப்பில் இருந்து குமுளிக்கு மலையேறுவதை நினைத்துப் பாருங்கள்: இரண்டாம் கியர், வண்டி ஊர்கிறது, பானெட்டுக்குள் காற்றோட்டம் குறைவு. அந்த நேரம் ஆல்டர்னேட்டர் முழு லோடில் ஓடினால் சூடேறிக் காயில் கருகவும் வாய்ப்பு உண்டு. அதனால் நடுவில், இழுக்கும் கரண்டை ஒரு அளவுக்குள் நிறுத்தும் டிசி-டிசி சார்ஜர் ஒன்று கட்டாயம் வேண்டும், 30 ஆம்பியர் போதும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள்.

சோலார் இருந்தால் கன்ட்ரோலரை லித்தியம் செட்டிங்குக்கு மாற்றி, ஈக்வலைசேஷனை (லெட்-ஆசிட் பேட்டரிக்காக அவ்வப்போது கூடுதல் வோல்ட்டில் சார்ஜ் ஏற்றுவது) நிறுத்திவிடுங்கள். அப்புறம், வெறும் வோல்ட் மீட்டரை நம்பவேண்டாம். பாதி காலியான பிறகும் 13 வோல்ட்டைச் சுற்றியே காட்டும். ஷன்ட் (கரண்டை அளக்க உதவும் சின்ன மின்தடை) வைத்து, ஏறிய, இறங்கிய கரண்டைக் கணக்கிடும் மீட்டர்தான் சரி.

மூணாறு பக்கம் ஜனவரி விடியலில் சில நாள் 0 டிகிரிக்கே இறங்கும். அதற்குக் கீழே சார்ஜ் ஏறினால் செல் கெட்டுவிடும். பிஎம்எஸ்ஸில் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) குளிருக்கான கட்-ஆஃப் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.