ஒரே இரவு, இரண்டு கனவு

கேள்வி: என் கணவருக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. அன்றுமுதல் என் பற்கள் உதிர்வதுபோல் அடிக்கடி கனவு வருகிறது. தெரிந்த கிறிஸ்தவ ஊழியர் (போதகர்) ஒருவரிடம் சொன்னேன். “வீட்டில் ஓர் உயிர் போகும்” என்கிறார். அதைத் தடுக்க விசேஷ ஜெபம் செய்ய வேண்டுமாம். காணிக்கை 5,000 ரூபாய். பைபிளில் யோசேப்பும் தானியேலும் கனவுக்குப் பொருள் சொன்னவர்கள்தானே என்று கேட்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புச் சகோதரி, பணம் கொடுக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அவர் யோசேப்பின் பெயரை எடுத்துவிட்டதால், பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் 40ஆம் அதிகாரத்தை நிதானமாக ஒருமுறை வாசியுங்கள்.

எகிப்தில் ஒரு சிறைச்சாலை. அரசனான பார்வோனுக்கு மதுக் கிண்ணம் ஏந்தும் பானபாத்திரக்காரனும் அப்பம் சுடுகிறவனும் ஒரே இரவில் கனவு காண்கிறார்கள். காலையில், அங்கேயே கைதியாக இருந்த யோசேப்பு வருகிறான். கனவைப் பற்றி அவர்கள் வாய் திறக்கும் முன்பே முகம் வாடியிருப்பதைக் கண்டு, இன்று ஏன் துக்கமாய் இருக்கிறீர்கள் என்று விசாரிக்கிறான். எனக்கு அந்த அதிகாரத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒருவன் கனவில் மூன்று கொடிகளுள்ள திராட்சைச் செடி. அது துளிர்த்து, பூத்து, பழுக்கிறது. அவன் பழத்தைப் பிழிந்து அரசன் கையில் கிண்ணத்தைக் கொடுக்கிறான். மற்றவன் தலையில் மூன்று கூடைகள். மேல் கூடையில் அரசனுக்குச் சுட்ட பலகாரங்களைப் பறவைகள் கொத்தித் தின்கின்றன. யோசேப்பு சொன்ன பொருளில் இருவருக்கும் மூன்று என்றால் மூன்று நாள். இருவருக்கும் “பார்வோன் உன் தலையை உயர்த்துவான்” என்ற அதே சொல். ஆனால் ஒருவன் பழைய பதவிக்குத் திரும்பினான், மற்றவன் மரத்தில் தூக்கப்பட்டான். ‘பல் உதிர்ந்தால் மரணம்’ என்ற வாய்ப்பாடு இங்கே எப்படிச் செல்லும்?

அப்படிப்பட்ட வாய்ப்பாடுகள் எகிப்தில் இருக்கவே செய்தன. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, 3,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள், இன்ன கனவு நல்லது, இன்னது கெட்டது என்று வரிசையாகச் சொல்கிறது. கெட்டது என்ற சொல் சிவப்பு மையில் இருக்கிறது. யோசேப்போ அர்த்தம் சொல்வது கடவுளுக்குரியது என்று ஒதுங்கி நின்றவன். அவன் கூலியும் கேட்கவில்லை. நீ வாழ்வடையும்போது என்னை நினைத்துக்கொள் என்று மட்டும் பானபாத்திரக்காரனிடம் கேட்டான். அவன் அதையும் மறந்துபோனான். யோசேப்பு இன்னும் இரண்டு வருடம் சிறையில் கிடந்தான்.

பிறகு பார்வோனின் கனவு. ஏழு மெலிந்த பசுக்கள் ஏழு கொழுத்த பசுக்களை விழுங்கின. யோசேப்பு பஞ்சம் வரும் என்று அரசனைப் பயமுறுத்திவிட்டுப் பரிகாரம் விற்கவில்லை. ஏழு ஆண்டு விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைக் களஞ்சியத்தில் சேர்த்து வையுங்கள் என்றான். தானியேலும் அப்படித்தான். கனவைச் சொல்லத் தெரியாத பாபிலோன் ஞானிகளை அரசன் கொல்லத் துணிந்தபோது, பொருள் சொல்லும் முன்பே அவர்களைக் கொல்லாதீர்கள் என்று கேட்டான்.

எல்லாக் கனவும் செய்தி என்றும் அந்த வேதம் சொல்வதில்லை. கனவு கண்டேன், கனவு கண்டேன் என்று திரிந்தவர்களைப் பார்த்து எரேமியா தீர்க்கதரிசி, கோதுமைக்கு முன் பதர் எம்மாத்திரம் என்று கேட்டார். தொல்லை மிகுந்தால் கனவு வரும் என்கிறது பைபிளின் பிரசங்கி நூல்.

சகோதரி, இரண்டு மாதமாக நீங்கள் மாத்திரை நேரம் பார்த்து, இரவில் அவர் மூச்சு சீராக இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இன்று ஏன் முகம் வாடியிருக்கிறது என்று உங்களை யாராவது கேட்டார்களா? அந்த ஊழியர் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

நாளைக் காலை கணவரிடமே இந்தக் கனவைச் சொல்லுங்கள்; அவருக்கும் சொல்லாத பயம் ஒன்று இருக்கக்கூடும். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது உங்கள் தூக்கம் கெடுவதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த 5,000 ரூபாயை அவர் மருந்துச் செலவுக்கு எடுத்து வையுங்கள்.