ஸ்னோபோர்டு கெடுவது மதுரையில்தான்!
வாசகர் கேள்வி – பதில்

காஷ்மீரின் பனிச்சறுக்கு ஊரான குல்மார்க் பற்றிப் போன இதழில் எழுதியதற்கு இவ்வளவு கடிதங்கள் வந்ததில் மனம் நிறைந்துபோனது. ஜப்பான், கனடா என்று வேலைக்குப் போன பிள்ளைகள், இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிப் பனியில் சறுக்குகிற ஸ்னோபோர்டோடு ஊர் திரும்புகிறார்கள். ஜனவரி பிறந்தால் காஷ்மீருக்குக் கிளம்பும் இளவட்டமும் பெருகிவிட்டது. பழங்காநத்தத்தில் இப்போது சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் எனக்கு, குல்மார்க்கில் வாடகைக் கடையின் பின்கட்டில் போர்டும், பூட்ஸை அதில் பிடித்து வைக்கிற பைண்டிங்கும் பழுது பார்த்த கைப்பழக்கம் இன்னும் விடவில்லை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: வருஷத்தில் பத்து நாள் பனியில் ஓடுகிற போர்டு, மிச்ச நாளெல்லாம் நம் வீட்டில்தான் கிடக்கிறது. கெடுவதும் இங்கேதான்.

கனடாவிலிருந்து மகன் கொண்டுவந்த போர்டை மொட்டைமாடித் தகர ஷெட்டில் சாய்த்து வைத்திருக்கிறோம். அடுத்த வருஷம்தான் எடுப்பான். அப்படியே இருக்கலாமா?
– வாசகி, திருநகர்

இன்றைக்கே கீழே இறக்கிவிடுங்கள் அம்மா. பார்க்க ஒரே பலகை மாதிரி இருந்தாலும் உள்ளே நடுவில் மரம், அதன் மேலும் கீழும் ஃபைபர் கிளாஸ், அடியில் வழுக்குவதற்குப் பாலிஎதிலீன், ஓரம் சுற்றி இரும்பு எட்ஜ். எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது எபாக்சி பசை. கத்திரி வெயிலில் தகரத்துக்குக் கீழே இருக்கிற சூட்டில் இரும்பு ஒரு அளவு விரியும், பிளாஸ்டிக் வேறு அளவு விரியும், பசை இளகும். முதலில் மூக்கும் வாலும், அதாவது முன்முனையும் பின்முனையும், பிளக்க ஆரம்பிக்கும்.

கெட்டுவிட்டதா என்று இப்போதே பார்க்கலாம். போர்டைக் கட்டிலில் படுக்க வைத்து, விரல் முட்டியால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தட்டிக்கொண்டே போங்கள். ஒரே மாதிரி கெட்டியான சத்தம் வந்தால் நல்லது. ஒரு இடத்தில் மட்டும் சத்தம் மாறிப் பொள்ளலாகக் கேட்டால், அங்கே பசை விட்டிருக்கலாம். அந்த இடத்தின் ஓரத்தில் நகத்தை நுழைத்துப் பாருங்கள்.

வெயிலுக்கு அடுத்தது ஐப்பசி மழை. எட்ஜ் துரு பிடிக்கும். மேலாக இருக்கிற செம்பழுப்புத் துருவை எட்ஜ் தேய்க்கும் ரப்பர் கல்லால் எடுத்துவிடலாம். அதன்பிறகு அடிப்பக்கம் முழுக்க, எட்ஜ் மேலும் சேர்த்து, வாக்ஸை, அதாவது பனியில் வழுக்குவதற்குப் போடுகிற மெழுகை, தடிமனாக உருக்கிப் பூசி, சுரண்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள். காற்றும் ஈரமும் எட்டாது. பைண்டிங்கைக் கழற்றி வைப்பது நல்லது. இறுக்கிய ஸ்குரூ மாதக்கணக்கில் உள்ளே இருக்கிற இன்செர்ட்டை, அதாவது ஸ்குரூ ஏறுகிற மரையுள்ள உலோகத் துண்டை, மேலே இழுத்தபடி இருந்தால், அடிப்பக்கத்தில் குழி விழும். பாலிதீன் உறையில் கட்டி வைக்காதீர்கள், உள்ளே வியர்த்துத் துரு இன்னும் ஏறும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தால் போதும்.

ஆன்லைனில் பழைய பைண்டிங் ஒன்று சல்லிசாக வருகிறது. பனியே இல்லாத ஊரில் அதைச் சோதித்து வாங்குவது எப்படி?
– கல்லூரி மாணவர், மேலூர்

நல்ல கேள்வி தம்பி. பனி இல்லாமலே முக்கால்வாசி சோதித்துவிடலாம். சொல்லப்போனால் வீட்டில் நிதானமாகச் சோதிப்பதுதான் சரி. மைனஸ் பத்தில், கையுறை போட்ட கையோடு, பின்னால் வரிசை நிற்கும்போது யாரும் எதையும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை.

முதலில் பேஸ்பிளேட், அதாவது பூட்ஸ் உட்காரும் தட்டு. நடுவில் இருக்கிற வட்ட டிஸ்கைக் கழற்றிவிட்டு, அந்த வட்டத்தின் விளிம்பை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். குதிகாலைச் சுற்றி வரும் வளையம் தட்டோடு சேரும் போல்ட் ஓட்டைகள் அடுத்த இடம். நிறம் வெளுத்து, கையால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டினால், வெயிலில் நெடுநாள் கிடந்த பிளாஸ்டிக். தட்டில் விரிசல் இருந்தால் எவ்வளவு சல்லிசானாலும் வேண்டாம். அதை ஒட்டிப் பயனில்லை.

அடுத்து ஸ்ட்ராப். பல் வைத்த பட்டையை லேடர் என்பார்கள், அதைக் கவ்வி இழுக்கிற கொக்கி ராட்செட். லேடரின் பல் ஒவ்வொன்றும் கூராக இருக்க வேண்டும். எப்போதும் கவ்வுகிற அந்த நாலைந்து பற்கள் மட்டும் மழுங்கியிருக்கும், அதைத்தான் கவனிக்க வேண்டும். லேடரை ராட்செட்டில் போட்டு இறுக்கிவிட்டு, நெம்புகோலைத் தொடாமல் முழு பலத்தோடு எதிர்ப்பக்கம் இழுங்கள். ஒரு பல் நழுவினாலும் அது தேறாது. லேடரும் ராட்செட்டும் தனியாக மாற்றக் கிடைக்கும், அதனால் இந்தக் குறைக்காக மொத்தத்தையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

லேடரை மட்டும் கழற்றித் தண்ணீரில் நனைத்து ஒரு ராத்திரி ஃப்ரீசரில் போடுங்கள். வீட்டு ஃப்ரீசர் சுமார் மைனஸ் 18 டிகிரி. குல்மார்க் குளிருக்கு அது போதும். காலையில் எடுத்தவுடன் லேசாக வளைத்துப் பாருங்கள். பழசான பிளாஸ்டிக் பல்லின் அடியில் வெள்ளைக் கோடு காட்டும், சில சமயம் டப்பென்று முறிந்தே போகும். உங்கள் சமையலறையில் முறிந்தால் நல்லதுதான். பவுடரில், அதாவது புதிதாகக் கொட்டிய பொலபொலப்பான பனியில், ஸ்ட்ராப் அறுந்து ஒரு கால் வெளியே வந்தால் இடுப்பு வரை புதைந்துபோவீர்கள். அங்கிருந்து பத்து அடி நடப்பதற்குள் மூச்சு முட்டிவிடும்.

கடைசியாக உடம்பு எடை. தரையில் ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் போர்டு. பூட்ஸ் மாட்டி ஸ்ட்ராப் இறுக்கி நில்லுங்கள். முன்பக்கம் சுவரில் கை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். கால்விரல் ஸ்ட்ராப் பூட்ஸின் முனையிலிருந்து மேலே வழுக்கி ஏறக் கூடாது. பிறகு திரும்பி, முதுகைச் சுவரில் சாய்த்து, கெண்டைக்காலால் ஹைபேக்கை, அதாவது பைண்டிங்கின் பின்னால் நிமிர்ந்து நிற்கிற சாய்வை, அழுத்துங்கள். சின்ன முனகல் சத்தம் சகஜம். படக் என்று சத்தம் வந்தால் உடனே இறங்கி, எது அசைகிறது என்று தேடுங்கள். அப்படியே நிற்கும்போது பூட்ஸ் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று பக்கத்தில் ஒருவரைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். விரல் பக்கமும் குதிகால் பக்கமும் போர்டின் ஓரத்தைத் தாண்டி நீட்டுவது கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்க வேண்டும்.

பைண்டிங் ஸ்குரூ ஒன்று தொலைந்துவிட்டது. எம்6 தானே, எங்கள் லேத்தில் இருக்கிற போல்டைப் போட்டுக்கொள்ளலாமா?
– லேத் தொழிலாளி, திருமங்கலம்

மரை நீங்கள் சொல்வதுதான், எம்6, அதாவது 6 மில்லிமீட்டர் விட்டம். ஆனால் நீளத்தில்தான் ஆபத்து அண்ணே. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடினாலும் ஸ்குரூ இன்செர்ட்டின் அடியில் முட்டி, போர்டின் அடிப்பக்கத்தைப் பிதுக்கிவிடும். குறைந்தால் நாலு மரைதான் பிடிக்கும். குதித்து இறங்குகிறபோது இன்செர்ட்டின் மரையையே பிய்த்துக்கொண்டு வரும். மிச்சமிருக்கிற பழைய ஸ்குரூவை வெர்னியரில் அளந்து, அதே நீளம், அதே தலை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பாருங்கள். தலை டிஸ்கின் பள்ளத்தில் முழுசாக அமர வேண்டும்.

இறுக்குவதற்கு வீட்டில் இருக்கிற 2-ஆம் நம்பர் ஸ்டார் ஸ்குரூடிரைவர் உதவாது, தலையைத்தான் வழுக்கும். 3-ஆம் நம்பர் வேண்டும். நாலையும் முதலில் பாதி இறுக்கி, எதிரெதிர் மூலையாகக் கையால் முடியுங்கள். பவர் டிரில்லைக் கிட்டவே கொண்டு வராதீர்கள். அப்புறம், ஸ்குரூ கழலாமல் இருக்க மரையில் விடுகிற திரவப் பசை சில பிளாஸ்டிக்குகளை, முக்கியமாகப் பாலிகார்பனேட்டை, வெடிக்க வைக்கும். மரையிலேயே நீலமாக நைலான் பூசிய ஸ்குரூ கிடைக்கிறது, அதை வாங்குங்கள். பனியில் முதல் ஓட்டம் முடிந்து கீழே வந்ததும் எட்டு ஸ்குரூவையும் மறுபடி ஒரு தரம் பாருங்கள். உபரியாக இரண்டு மூன்று சட்டைப் பையில் இருக்கட்டும்.

ராட்செட் இறுகலாக இருக்கிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

வேண்டாம். மார்கழிக் காலையில் நம் ஊரிலேயே உறைகிற எண்ணெய் அது. குல்மார்க்கில் ராட்செட்டையே பூட்டிப்போடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மண்ணை எடுத்து, நன்றாகக் காயவைத்து, உலர்வகை சிலிக்கான் ஸ்ப்ரே ஒரு பொட்டு.

வாக்ஸ் போட வீட்டு இஸ்திரிப் பெட்டி ஆகுமா? வாக்ஸுக்குப் பதில் மெழுகுவர்த்தி?
– வாசகி, ஆனையூர்

பெட்டி ஆகும், ஆனால் அதற்குப் பிறகு அது துணிக்கு ஆகாது. நீராவி ஓட்டை இல்லாத பழைய பெட்டி ஒன்றை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். வாக்ஸ் உருக வேண்டும், புகையக் கூடாது. புகைந்தால் சூடு அதிகம். பெட்டியை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே போங்கள். நடுநடுவே போர்டின் மேல்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடுதான் தெரிய வேண்டும்.

வாசனை, சாயம் இல்லாத வெள்ளை மெழுகுவர்த்தியை மழைக்காலக் காப்புக்குப் பூசி வைக்கலாம். ஓட்டுவதற்கு அது சரிவராது. குளிர்ந்த பனியின் படிகம் கூராக இருக்கும், மெத்தென்ற மெழுகில் குத்தி இழுக்கும். குளிருக்கான வாக்ஸ் கெட்டியாக இருக்கும். எந்த வெப்பநிலைக்கு என்று உறையிலேயே போட்டிருப்பார்கள். கிளம்புவதற்கு முன் பழைய பூச்சைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்துவிட்டு அதைப் பூசுங்கள். ஆறியதும் சுரண்டி, நைலான் பிரஷ் போட்டால் முடிந்தது.

ஸ்கீ பைண்டிங் விழுந்தால் தானாகக் கழலும், அதற்கு எண் வைத்து அமைப்பார்கள் என்கிறார்கள். ஸ்னோபோர்டுக்கு எந்த எண்?
– வாசகர், அலங்காநல்லூர்

எண்ணே கிடையாது. ஸ்னோபோர்டு பைண்டிங் விழுந்தால் கழலுவதற்காகச் செய்ததல்ல. ஸ்கீயில் ஒவ்வொரு காலும் தனித்தனி நீளக் கட்டை, அது திரும்பினால் முழங்கால் முறுக்கும், அதனால் கழல வேண்டும். இங்கே இரண்டு காலும் ஒரே பலகையில். விழுந்தால் அதிகம் அடிபடுவது கையை ஊன்றுகிற மணிக்கட்டு. மணிக்கட்டுக் காப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பைண்டிங்கே இல்லாமல் ஓட்ட முடியாதா?
– அவரே

தொடக்கமே அப்படித்தான். 1965-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் தம் மகள்களுக்காக இரண்டு ஸ்கீயைச் சேர்த்துப் பிணைத்து ஒரு பலகை செய்தார். பெயர் ஸ்னர்ஃபர். மூக்கில் ஒரு கயிறு, அவ்வளவுதான். காலுக்குப் பிடிப்பு இல்லை. 1977-இல் வெர்மான்ட்டில் கம்பெனி தொடங்கிய ஜேக் பர்ட்டன் கார்பென்டர் காலைக் கட்டுகிற வழியில் போனார். 1998 நகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு சேர்ந்தது. ஆழமான பவுடரில் பைண்டிங் இல்லாத பலகையை இன்றும் ஓட்டுகிறார்கள். புதிதாகக் கற்பவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

போன பிப்ரவரியில் குல்மார்க்கில் புதுப்பனி விழுந்த அன்று என் போர்டின் மூக்கு புதைந்துகொண்டே இருந்தது. பின்காலில் எடை போட்டுத் தொடை எரிந்துவிட்டது. பவுடர் போர்டு வாங்கினால்தான் தீருமா?
– மென்பொருள் ஊழியர், நாகமலை புதுக்கோட்டை

வாங்குவதற்கு முன் ஸ்குரூடிரைவரை எடுங்கள் தம்பி. பெரும்பாலான போர்டுகளில் இன்செர்ட் ஓட்டைகள் 2 செ.மீ. அல்லது 4 செ.மீ. இடைவெளியில் வரிசையாக இருக்கும். இரண்டு பைண்டிங்கையும் வால் பக்கம் ஒரு வரிசை தள்ளுங்கள். கால்களுக்கு இடையே உள்ள அகலம் மாறாது, ஆனால் உங்களுக்கு முன்னால் மூக்கு நீளமாகும், மிதக்கும். பாதி எரிச்சல் அதிலேயே போய்விடும்.

பவுடர் போர்டு இதையே வடிவத்தில் செய்கிறது. மூக்கு அகலமாகவும் மேல்நோக்கி வளைந்தும், வால் ஒடுக்கமாகவும் இருக்கும். வால் தானாகப் புதைய, மூக்கு தானாக எழும். சிலதில் வாலை மீன்வால் போலப் பிளந்தும் விட்டிருப்பார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை போகிறவர் அங்கேயே வாடகைக்கு எடுத்து ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். பவுடர் போர்டு கெட்டிப்பட்ட பனியில் அவ்வளவு சொன்னபடி கேட்காது, அதையும் அந்த ஒரு நாளில் தெரிந்துகொள்வீர்கள்.

வாடகை போர்டானாலும் கையில் வாங்கியதும் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஆழமான கீறல் விழுந்து உள்ளே இருக்கிற மரம் தெரிந்தால் வேறு கேளுங்கள். அந்த வழியாகத் தண்ணீர் புகுந்து உறைந்து பசையைப் பிளக்கும். ஒவ்வொரு முறை கால் வைக்கும் முன்பும் பூட்ஸின் அடியிலும் பைண்டிங் தட்டிலும் ஒட்டிய பனியைச் சுரண்டிவிடுங்கள். அது கட்டியானால் பூட்ஸ் உயர்ந்து நிற்கும், ஸ்ட்ராப் இறுகின மாதிரி தெரிந்தாலும் இறுகியிருக்காது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ரோப்வேயின் இரண்டாம் கட்டத்தில் அஃபர்வட் உச்சிப் பக்கம் ஏறி, காவலர் கண்காணிக்கிற சரிவுகளுக்கு வெளியே இறங்குவதாக இருந்தால், உள்ளூர் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். பனிச்சரிவில் புதைந்தவரை ரேடியோ அலையால் தேட உதவும், 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் டிரான்ஸ்சீவர், மண்வெட்டி, பனிக்குள் குத்தித் தேடுகிற துழாவுகோல் மூன்றும் உங்களிடம் மட்டுமல்ல, கூட வருகிற ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். டிரான்ஸ்சீவரின் பேட்டரியை முந்தின ராத்திரியே பார்த்துவிடுங்கள். அதைப் போட்டுக்கொண்டு தேடிப் பழகுவதை நாகமலை அடிவாரத்திலேயே நண்பர்களோடு செய்துவிட்டுப் போகலாம்.