வாசகர் கேள்வி – பதில்: பயறு வெந்த தண்ணீரே சூப்

மத்திய அமெரிக்க நாடுகளின் வீட்டுச் சமையலைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, அங்கே 'சோப்பா தெ ஃப்ரிஹோலெஸ்' எனப்படும் பீன்ஸ் சூப்பை ஒரே வரியில் கடந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: இந்தச் சூப்பை வீட்டில் எளிய முறையில் செய்வது எப்படி? கறுப்புப் பீன்ஸா, சிவப்புப் பீன்ஸா, எது சரி?

பதில்: இரண்டுமே சரிதான், எந்த நாட்டுச் சூப் வேண்டும் என்பதைப் பொறுத்தது. குவாத்தமாலாவில் பெரும்பாலும் கறுப்புப் பயறுதான். கோஸ்டாரிக்காவின் புகழ்பெற்ற 'சோப்பா நெக்ரா', அதாவது கறுப்புச் சூப், பெயரிலேயே தன் பயறைச் சொல்லிவிடுகிறது. ஹோண்டுராஸ், எல் சால்வடோர், நிகராகுவா ஆகிய மூன்று நாடுகளிலும் சிறிய சிவப்புப் பயறுக்கே மதிப்பு. அதில் மெல்லிய தோலுடைய உயர்ந்த வகையை எல் சால்வடோர்க்காரர்கள் 'பட்டுப் பயறு' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் ராஜ்மாவில் செய்யலாம். இனம் ஒன்றேதான், தோல் சற்றுத் தடிப்பாக இருப்பதால் கூடுதல் நேரம் பிடிக்கும்.

ஆறு பேருக்கு 450 கிராம் சிவப்புப் பயறு போதும். கல், சுருங்கிய விதை ஆகியவற்றைப் பொறுக்கிவிட்டுக் கழுவி, எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு அடி கனத்த பாத்திரத்தில் இரண்டரை லிட்டர் புதுத் தண்ணீர் ஊற்றி, பயறுடன் இரண்டாக வெட்டிய ஒரு வெங்காயம், தோலுரிக்காமல் தலைப்பகுதியை மட்டும் சீவிய ஒரு முழுப் பூண்டு, பாதிக் குடைமிளகாய் ஆகியவற்றைப் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். முதல் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க வேண்டும். அதன் பிறகு தீயைக் குறைத்து, பாதி மூடி, பயறு மெத்தென்று ஆகும்வரை விட்டுவிடலாம். ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். தண்ணீர் வற்றினால் சேர்ப்பது சுடுதண்ணீராகவே இருக்கட்டும். அப்போதுதான் கொதி அடங்காது; மண்பானையாக இருந்தால் விரிசலும் விடாது.

வெந்துவிட்டதா என்பதை அறிய, ஹோண்டுராஸ் தலைநகர் தெகுசிகல்பாவில் நான் சில மாதங்கள் தங்கியிருந்த வீட்டின் அம்மாள் ஒரு வழி காட்டினார். கரண்டியில் நான்கு பயறை எடுத்து வாயருகே கொண்டுவந்து ஒரு முறை ஊதுவார். தோல் வெடித்துச் சுருண்டால் முக்கால்வாசி வெந்துவிட்டது என்று பொருள். சுருளாவிட்டால் மறுபேச்சில்லாமல் மூடியைப் போட்டுவிடுவார். கடிகாரத்தை அவர் பார்த்து நான் கண்டதில்லை.

பயறு வெந்ததும் வெங்காயத்தையும் குடைமிளகாயையும் எடுத்துவிட்டு, பூண்டின் சதையை மட்டும் சூப்பில் பிதுக்கிவிடுங்கள். வேறொரு வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, பொடியாக நறுக்கிய வெங்காயம், பூண்டு, குடைமிளகாய் மூன்றையும் ஓரம் பொன்னிறமாகும் வரை வதக்கி, அதில் இரண்டு கரண்டி வெந்த பயறைப் போட்டு மசித்து, அப்படியே பானைக்குள் திருப்பிக் கொட்டுங்கள். சூப்புக்குக் கெட்டித்தன்மையும் மணமும் இங்கிருந்துதான் வருகின்றன. மாவு கரைத்து ஊற்றுவது தேவையில்லாத வேலை. பிறகு துண்டு போட்ட வாழைக்காயையும் சௌசௌவையும் சேர்த்து இருபது நிமிடம் வேகவிட்டு, இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு நீள இலைக் கொத்தமல்லியைக் கிள்ளிப் போடுங்கள். சாதாரணக் கொத்தமல்லி என்றால் இருமடங்கு வேண்டும். (சௌசௌவின் பூர்விகமே மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும்தான். குவாத்தமாலாவில் அதற்குக் 'குயிஸ்கில்' என்றும் ஹோண்டுராஸில் 'பதாஸ்தே' என்றும் பெயர்.) கறுப்புப் பயறில் செய்பவர்கள் குவாத்தமாலா வழக்கப்படி 'அபசோத்தே' என்ற காட்டமான கீரையை ஒரு கொத்துப் போடுவார்கள்.

பானையில் மிளகாய்த்தூள் போட வேண்டாம். அந்த வீடுகளில் காரம் பெரும்பாலும் அடுப்பில் சேர்வதில்லை. மேசையில் தனியாக வைக்கப்படுகிறது, வேண்டியவர்கள் போட்டுக்கொள்கிறார்கள்.

கேள்வி: மூன்று மணி நேரம் கொதிக்கவைத்தும் என் பயறு கடுக்கென்றே இருந்தது. உப்பைத் தொடக்கத்திலேயே போட்டதுதான் காரணம் என்கிறாள் என் தங்கை. உண்மையா?

பதில்: தங்கை சொல்வது உலகெங்கும் சொல்லப்படுவதுதான், மத்திய அமெரிக்காவிலும் பல பாட்டிமார்கள் உப்பைக் கடைசியில்தான் போடுகிறார்கள். ஆனால் உப்பின்மீது இந்தப் பழி நியாயமற்றது. விதையின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளைக் கால்சியம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. உப்பிலுள்ள சோடியம் அந்தக் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் தோல் இளகவே செய்கிறது. ஊறவைக்கும் தண்ணீரிலேயே சிறிது உப்புப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். கடைசியில் போடுவதற்கு வேறொரு நல்ல காரணம் உண்டு: தண்ணீர் எவ்வளவு வற்றும் என்று தெரியாமல் முழு உப்பையும் முதலிலேயே போட்டால் சூப் கரித்துவிடும்.

உண்மையான குற்றவாளிகள் வேறு. முதலாவது புளிப்பு. தக்காளியோ எலுமிச்சையோ முதலிலேயே சேர்ந்தால் பெக்டின் கரையாமல் அப்படியே நிற்கும். தக்காளி போட விரும்பினால் வதக்கலோடு போடுங்கள். எலுமிச்சை கிண்ணத்தில் மட்டும். இரண்டாவது, சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீர். மூன்றாவதற்கு மருந்து குறைவு: வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த பயறு எத்தனை மணி நேரம் கொதித்தாலும் முழுதாக இளகாது. பழைய பயறு என்று சந்தேகம் வந்தால் ஊறும் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள்; அதற்கு மேல் போனால் சோப்புச் சுவை தட்டும்.

மேட்டு நிலத்தில் வசிப்பவர்களுக்கு ஒரு சொல். சுமார் 1500 மீட்டர் உயரத்திலுள்ள குவாத்தமாலா நகரில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. பயறுக்குக் கிடைக்கும் சூடு குறைவதால் நேரம் கூடத்தான் செய்யும். அங்கே பிரஷர் குக்கர் இருந்தால் அடுப்பு நேரம் பெரிதும் மிச்சமாகும். ஊறிய பயறு குக்கரில் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வெந்துவிடும்.

கேள்வி: இரவு முழுவதும் மெதுவாக வேகும் மின்சாரப் பானையில் போட்டுவிட்டு உறங்கலாமா?

பதில்: வேகவைக்காத பயறை நேராக அதில் போடாதீர்கள். சிவப்பு ராஜ்மா வகைகளில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் அதிகம். சரியாக வேகாத சில விதைகளே சில மணி நேரத்தில் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கிவிடும். மின்சாரப் பானைகள் பலவற்றில் சூடு கொதிநிலையை எட்டுவதே இல்லை. 80 டிகிரியில் வெந்த பயறு வேகவைக்காத பயறைவிட அதிக நச்சுத்தன்மை கொண்டிருக்கலாம் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் எச்சரிக்கை. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவைக்கும்படி அது சொல்கிறது. அதைச் செய்து முடித்த பிறகு, கொதித்த தண்ணீரோடு சேர்த்து மின்சாரப் பானைக்கு மாற்றிவிட்டு நிம்மதியாக உறங்கலாம். கொட்ட வேண்டியது ஊறிய தண்ணீரை மட்டுமே. வெந்த தண்ணீரைக் கொட்டியவர் சூப்பையே கொட்டியவர் ஆவார். நிறம், மணம், கொழகொழப்பு எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

கேள்வி: சூப்பில் முட்டையை உடைத்து ஊற்றுவதாக எழுதியிருந்தீர்கள். நான் ஊற்றியபோது அது நூல்நூலாகப் பிரிந்து சூப்பே கலங்கிவிட்டது.

பதில்: எனக்கும் முதல் முறை அதுவேதான் நடந்தது. கொதிக்கும் பானைக்கு மேலே முட்டையை உடைத்து, பதற்றத்தில் கரண்டியாலும் கிளறிவிட்டேன். அந்த அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "முட்டை எங்கே போயிற்று?" என்று மட்டும் கேட்டார். முட்டையை முதலில் சிறு கிண்ணத்தில் உடைத்துக்கொள்ளுங்கள். தீயைக் குறைத்து, சூப்பின் ஓரத்தில் மட்டும் சிறு குமிழிகள் எழும் நிலைக்குக் கொண்டுவந்து, கிண்ணத்தை ஏறக்குறைய சூப்பைத் தொடுமளவு தாழ்த்தி மெல்லச் சரியுங்கள். ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனி இடம் வேண்டும். நான்கைந்து நிமிடம் கரண்டி உள்ளே போகக்கூடாது. வெள்ளைக்கரு இறுகியதும் துளையுள்ள கரண்டியால் எடுத்து, ஆளுக்கு ஒன்றாகக் கிண்ணத்தில் வைத்து மேலே சூப்பை ஊற்றுங்கள்.

கேள்வி: இறைச்சி இல்லாமல் செய்தால் அது அசல் ஆகுமா?

பதில்: ஆகும். எல் சால்வடோரிலும் ஹோண்டுராஸிலும் பன்றி விலா எலும்பைச் சேர்த்துக் கொதிக்கவைக்கும் வழக்கம் உண்டு என்றாலும், அது கையில் பணம் இருக்கும் நாளின் சூப். வெறும் பயறுச் சூப்புதான் அன்றாடத்துக்கு.

கேள்வி: இதனுடன் எதைச் சாப்பிட வேண்டும்? மீந்தால் என்ன செய்வது?

பதில்: சுடச்சுட டொர்டில்லா எனப்படும் மெல்லிய மக்காச்சோள ரொட்டி, வெள்ளைச் சோறு, ஒரு துண்டு அவகாடோ, ஒரு கரண்டி புளித்த பாலேடு, எலுமிச்சை. நிகராகுவாவில் 'குவஹாதா' என்ற புதுப் பாலாடைக்கட்டியை உதிர்த்துப் போடுவார்கள். டொர்டில்லாவும் பயறும் சேர்வது வெறும் வழக்கமல்ல. புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில், மக்காச்சோளத்தில் குறைவாக உள்ள லைசின் பயறில் நிறைய இருக்கிறது. பயறில் குறையும் மெத்தியோனினை மக்காச்சோளம் ஈடுகட்டுகிறது. குவாத்தமாலா நகரில் 1949இல் தொடங்கப்பட்ட மத்திய அமெரிக்கா, பனாமா ஊட்டச்சத்து நிறுவனம் இந்தச் சேர்க்கையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறது.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் வரை தாங்கும். ஆனால் முட்டை போட்ட சூப்பை அன்றே தீர்த்துவிடுங்கள். மறுநாள் கெட்டிப்பட்டிருக்கும் பயறைச் சோற்றோடு வதக்கினால் எல் சால்வடோரிலும் ஹோண்டுராஸிலும் அது 'காசமியெந்தோ', அதாவது திருமணம். அதையே நிகராகுவாவிலும் கோஸ்டாரிக்காவிலும் 'காய்யோ பிந்தோ', புள்ளிச் சேவல் என்பார்கள். அது யாருடைய உணவு என்பதில் அந்த இரண்டு நாட்டுக்காரர்களுக்கும் இடையே ஓயாத வாக்குவாதம் நடப்பதால், ஒரே பந்தியில் இருவரையும் வைத்துக்கொண்டு அந்தப் பெயரை எடுக்காதீர்கள். வதக்கும்போது சூப்பின் தண்ணீரில் அரைக் கரண்டி மட்டும் விடுங்கள். சோறு நிறம் பிடிக்க அது போதும்.