சிமென்ட் சேர்க்காமல், சாம்பலும் கசடும் கொண்டு செய்யும் கலவை வீட்டுச் சுவருக்குத் தாங்குமா?

தாங்கும். ஆனால் ‘தாங்குமா’ என்பதோடு கேள்வியை நிறுத்திவிட்டால் பாதி விஷயம் விடுபட்டுப் போகும். சொந்த மனையில் வீட்டு வேலையைத் தொடங்கி, சிமென்ட் விலையில் மலைத்துப்போய்க் கேட்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

திருமங்கலத்துக்கு அருகே தளக்கல் வார்க்கும் பட்டறை நடத்துகிறேன். அங்குள்ள சரக்கு அறையின் சுவர்களை ஒரு பிடி சிமென்ட்கூடச் சேர்க்காமல் கட்டினோம். அனல்மின் நிலையச் சாம்பலையும், இரும்பாலைக் கசடை அரைத்த மாவையும் எம்-சாண்டுடன் கலந்து, தண்ணீருக்குப் பதிலாகக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சிலிகேட்டும் சேர்ந்த கரைசலை ஊற்றினோம். சாம்பலை மட்டும் நம்பினால், கலவை விரைவாக இறுகி வலுப்பெற 60 முதல் 80 டிகிரி வரை சூடு வேண்டும். மதுரையின் சித்திரை வெயிலிலும் அதற்கு வழியில்லை. கசடில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதால் அது சாதாரண வெப்பநிலையிலேயே இறுகிவிடும். அதன் அளவு கூடினால், கொத்தனார் அடுத்த கல்லை எடுத்து வைப்பதற்குள் கலவை சட்டியிலேயே கெட்டிப்படும். காய்ந்த பிறகு சுருக்கமும் கூடிப் பூச்சில் மயிரிழை விரிசல் விழும்.

“தம்பி, இது கரண்டியை விட்டு இறங்க மாட்டேங்குதே” என்றார் எங்கள் கொத்தனார் அண்ணன். சிலிகேட் சேர்ந்த கலவை கருப்பட்டிப் பாகு போல இழுக்கும். இளக்குவதற்குத் தண்ணீர் ஊற்றினால் கரைசலின் வீரியம் குறைந்து வலுவும் குறையும் என்பதால், சிறிது சிறிதாகக் கலந்து உடனுக்குடன் தீர்ப்பதே சரியான முறை.

மாலையில் சுவருக்குத் தண்ணீர் அடிக்கும் பழக்கத்தையும் விட வேண்டியிருந்தது. சிமென்ட் இறுகும்போது தண்ணீர் அதனோடு சேர்மமாகவே மாறுகிறது. சாம்பல் மிகுந்த கலவையில் தண்ணீர் பெரும்பாலும் ஊடகமாக மட்டும் இருந்துவிட்டு வெளியேறுகிறது. மேலே ஊற்றும் தண்ணீர் மிச்சமிருக்கும் சோடியத்தைக் கரைத்து வெளியே கொண்டுவரும் என்பதால், பாலித்தீன் தாளால் மூடி ஈரம் காக்க வேண்டும். அப்படிச் செய்தும் ஐப்பசி மழைக்குப் பிறகு சுவரின் அடியில் பஞ்சு போன்ற வெள்ளை உப்புப் பூத்தது. சோடியம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கூடியதால் வந்தது அது. துடைப்பத்தால் தட்டியதும் உதிர்ந்துவிட்டது. கல்லும் கலவையும் அசையவில்லை.

சிமென்ட் கம்பெனிக்காக எழுதுகிறேன் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். அமிலம் படும் கழிவுநீர்த் தொட்டி, சாயப்பட்டறைத் தரை போன்ற இடங்களில் சாம்பல் கலவை சிமென்டைவிட நன்றாகவே நிற்கும். அமிலம் எளிதில் அரிக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு அதில் இல்லை. ஆனால் இதனால் சுற்றுச்சூழலுக்குத் துளியும் கேடில்லை என்று சிலர் சொல்வதை ஏற்க மாட்டேன். சோடா சாம்பல் எனப்படும் சோடியம் கார்பனேட்டையும் மணலையும் 1000 டிகிரிக்கு மேல் உருக்கித்தான் பொதுவாகச் சிலிகேட் செய்கிறார்கள்.

எனக்குள்ள வருத்தம் வேறு. இந்தக் கலவையில் வார்த்த கற்களை ஓர் அலுவலகத்துக்கு மாதிரியாகக் கொடுத்தபோது, படிவத்தில் ‘சிமென்டின் தரம்’ என்ற கட்டம் காலியாக இருந்ததால் சோதிக்காமலேயே திருப்பி அனுப்பினார்கள். இதுபோலக் காரத்தால் இறுகும் கான்கிரீட்டில் வார்ப்புப் பொருள்கள் செய்வதற்கு ஐ.எஸ். 17452 என்ற இந்தியத் தர நிர்ணய வழிகாட்டி 2020-லேயே வந்துவிட்டது. அதைக் கையில் கொண்டுபோய்க் காட்டியும் பயனில்லை.

உங்கள் வீட்டுக்கு வருவோம். காஸ்டிக் சோடா கையையும் கண்ணையும் வேகவைக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் சித்தாள்களை இதில் இறக்காதீர்கள். கம்பி போட்ட தூணுக்கும் தளத்துக்கும் வடிவமைப்பாளர் இல்லாமல் இதை நினைக்கவே வேண்டாம். முதலில் சுற்றுச்சுவரில் ஒரு பகுதியை இதில் கட்டி, ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்கள். வீட்டுச் சுவருக்கு இப்போதைக்குப் பி.பி.சி. எனப்படும் சாம்பல் கலந்த சிமென்டே போதும், அதிலும் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்க ஐ.எஸ். 1489 அனுமதிக்கிறது.