டைம்ஷெயர் கேள்வி-பதில்: உறுதிப் பத்திரம் என்றதும் கையெழுத்து வைக்காதீர்கள்

டைம்ஷெயர் என்பது ஒரு விடுமுறை ரிசோர்ட்டில் வருடத்தில் சில நாள் தங்கும் உரிமையை வாங்குவது. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஒர்லாண்டோவைப் பற்றியவை. டொரொன்டோவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் "சேர்ந்து ஒன்று எடுப்போம்" என்கிறார், நாங்களும் பங்கு போடலாமா என்பதுதான் அநேகமாக எல்லோருடைய கேள்வியும். ஒப்பந்தம் எந்த ஆண்டில் முடிகிறது, இந்த ஆண்டின் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, எத்தனை பேர் போகிறீர்கள், எந்த மாதம் போகிறீர்கள்? இந்த நான்கையும் எழுதாமல் "நல்லதா, கூடாதா" என்று மட்டும் கேட்டால் பதில் சொல்ல வழியில்லை. போன முறையும் இதையே எழுதினேன்.

நிலையான வாரம், மாறும் வாரம், பொயின்ட் என்று மூன்று விதம் சொல்கிறார்கள். பிள்ளைகளின் பாடசாலை லீவுக்கு எது பொருந்தும்? டொரொன்டோவில் இருக்கும் அக்கா குடும்பமும் வரும்.
*வாசகி, ஹட்டன்*

நிலையான வாரம் என்றால் ஆண்டுதோறும் அதே வாரம். மாறும் வாரம் என்றால் ஆண்டுதோறும் நீங்கள் தெரிந்து பதியும் வாரம். பொயின்ட் என்றால் ஆண்டுதோறும் கிடைக்கும் புள்ளிகளைக் கொடுத்து அறையையும் நாளையும் எடுப்பது. முதலில் நமது பாடசாலை, அக்கா பிள்ளைகளின் பாடசாலை இரண்டின் நாட்காட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாடசாலைத் தவணை ஒழுங்காக ஓடும் ஆண்டில் நமது பிள்ளைகளுக்கு டிசம்பர் தொடக்கத்திலேயே லீவு கிடைத்துவிடும். அமெரிக்க, கனடியப் பிள்ளைகளுக்கு கிறிஸ்துமஸை ஒட்டித்தான் லீவு. அதனால் ஆண்டின் 49ஆம், 50ஆம் வாரங்களில் ஒர்லாண்டோவில் கூட்டமும் குறைவு, அறைக்குத் தேவைப்படும் பொயின்ட்டும் குறைவு. நீங்கள் மட்டும் போவதென்றால் அந்த வாரங்கள் பொன்னானவை. அக்காவின் பிள்ளைகளால் அப்போது வர முடியாது. அவர்களோடு சேர்ந்து போவதென்றால் ஓகஸ்ட் அல்லது 52ஆம் வாரம், இரண்டும் விலை கூடிய காலம்.

ஆண்டுக்கு ஆண்டு இப்படி மாறும் குடும்பத்துக்கு நிலையான வாரம் ஒத்துவராது. மாறும் வாரத்திலோ, முதலில் பதிவு செய்தவருக்கே இடம். பத்து மாதத்துக்கு முன்பே திகதி சொல்ல முடியாதவர்களுக்கு மிஞ்சுவது செப்டெம்பர் மாதத்துப் புயல்கால வாரங்கள்தான். உங்களுக்குப் பொயின்ட் முறைதான் சரி.

டைம்ஷெயர் உறுதியைக் காட்டினால் அமெரிக்க விசா இலகுவாகக் கிடைக்குமா?
*வாசகர், கம்பளை*

கிடைக்காது. 185 டொலர் விசாக் கட்டணமும் திரும்பி வராது. விசா கையில் வந்த பிறகுதான் அறைக்கோ விமானத்துக்கோ பணம் கட்டுங்கள்.

தீம் பார்க் டிக்கட்டும் டைம்ஷெயரில் அடங்கும்தானே?
*வாசகர், மஸ்கெலியா*

அடங்காது. டிஸ்னியிலும் யுனிவர்சலிலும் ஒருநாள் டிக்கட் ஆளுக்கு 100 டொலருக்கு மேல், நாளைப் பொறுத்து 200ஐயும் தாண்டலாம். டிஸ்னியில் 10 வயதிலிருந்து பெரியவர் டிக்கட். 3 வயதுக்குக் கீழ் இலவசம். ஐந்து பேர் நான்கு நாள் போனால் டிக்கட்டே 2,000 டொலரைத் தாண்டிவிடும். பூங்காவுக்கு வெளியே இருக்கும் ரிசோர்ட் என்றால் வாடகைக் காரும், பூங்காவில் கார் நிறுத்தும் கட்டணமும் சேரும். டிஸ்னியின் சொந்த ரிசோர்ட்டில் தங்குவோருக்கு பஸ் இலவசம், பூங்காவுக்குள்ளும் அரை மணி முன்னதாகவே விடுவார்கள். மலிவான ரிசோர்ட்டை விலையால் மட்டும் ஒப்பிடும்போது இவை கணக்கில் வராமல் போகின்றன.

ஒர்லாண்டோவில் உள்ள ஒரு ரிசோர்ட் எங்கள் பெயருக்கு உறுதி எழுதித் தருவதாகச் சொல்கிறது. 20,000 டொலர், வருடத்தில் ஒரு வாரம், காலவரையறை இல்லை. அப்பா தோட்டத்தில் வேலை செய்தவர், இன்றுவரை லயத்தில்தான் இருக்கிறார். பிள்ளைகளுக்கு எழுதிவைக்க ஒரு சொத்தாவது இருக்கட்டும் என்று நினைக்கிறேன்.
*வாசகர், தலவாக்கலை*

இந்தக் கேள்வி வேறு வேறு ஊர்ப் பெயரில் திரும்பத் திரும்ப வருகிறது. மலையகத்தில் உறுதி என்ற சொல்லுக்கு இருக்கும் கனம் வேறெங்கும் இல்லை. தலைமுறை தலைமுறையாக லயக் காம்பராவில் வாழ்ந்து, ஏழு பேர்ச் காணிக்கும் ஒரு துண்டுக் கடதாசிக்கும் காத்திருக்கும் மக்களிடம் "உங்கள் பெயரிலேயே உறுதி" என்று சொன்னால் மனம் இளகத்தான் செய்யும். விற்பவர்களுக்கும் அது தெரியும். அதனால்தான் கோபத்தோடு எழுதுகிறேன்.

உறுதி உண்மையானதுதான். அங்குள்ள மாவட்டப் பதிவேட்டிலும் பதிவார்கள். ஆனால் அதில் எழுதப்படுவது காணியல்ல. ஒரு கட்டடத்தின் பிரிக்கப்படாத பங்கு, அதிலும் 52இல் ஒன்று. வேலி போட முடியாது, அறை கூட்டிக் கட்ட முடியாது, வங்கியில் ஈடு வைக்கவும் முடியாது. விலையைப் பாருங்கள். ஒரு வாரம் 20,000 என்றால் 52 வாரமும் சேர்ந்து 10 இலட்சம் டொலருக்கு மேல். அதே வட்டாரத்தில் அதே அளவான இரண்டறை வீட்டை முழுதாக வாங்க அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். மிச்சப் பணம் விற்பனைச் செலவு, தரகு, பரிசுப்பொருள், இலாபம் என்று போகிறது. அதனால்தான் கையெழுத்து வைத்த மறுநாளே அதை விற்கப் போனால் பாதிகூடக் கிடைப்பதில்லை. பழைய ஒர்லாண்டோ வாரங்கள் பல, பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டால் போதும் என்று ஒரு டொலருக்குத் தள்ளிவிடப்படுகின்றன.

காலவரையறை இல்லை என்பதை நன்மை என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டணத்துக்கும் காலவரையறை இல்லை என்பதுதான் அதன் பொருள். வருடம் 1,200 டொலர் என்று தொடங்கி ஆண்டுக்கு ஐந்து சதவீதம் கூடினால் 15 ஆண்டில் இரட்டிப்பாகும். புயலில் கூரை போனால், காப்புறுதி போக மிச்சத்தை உரிமையாளர்கள் தலைக்கு இவ்வளவு என்று விசேட அறவீடாகக் கட்ட வேண்டும். போனாலும் போகாவிட்டாலும் கட்டணம் உண்டு. கட்டாவிட்டால் பங்கின் மீது கடனைப் பதிந்து, பறிமுதல் செய்து விற்பார்கள். பிள்ளைகளுக்கு எழுதிவைத்தால் இவை எல்லாம் அவர்களுக்கே போய்ச் சேரும். வேண்டாம் என்று மறுக்கும் பிள்ளை அதை எழுத்தில் மறுக்க வேண்டும், அதற்கு முன் ஒரு தடவையேனும் அந்த அறையைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது.

இன்னும் இரண்டு விடயம். அமெரிக்கர் அல்லாதவர் அங்குள்ள அசையாச் சொத்தை விற்கும்போது பொதுவாக விலையில் 15 சதவீதம் வரிக்காகப் பிடித்து வைக்கப்படும். அதை மீட்க அந்த நாட்டு வரி இலக்கம் எடுத்து வரி அறிக்கை கொடுக்க வேண்டும். இங்கிருந்து வெளிநாட்டுச் சொத்துக்குப் பணம் அனுப்புவது மூலதனக் கொடுக்கல்வாங்கல், 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குள் வருவது. கையெழுத்துக்கு முன் உங்கள் வங்கி முகாமையாளரைப் பாருங்கள். வங்கியை விட்டு உண்டியல்காரர் மூலம் அனுப்பிவிட்டுப் பிறகு என்னிடம் கேட்காதீர்கள்.

அப்பாவுக்கு உறுதி வேண்டுமென்றால் அந்த 20,000 டொலரை இங்கே, நல்ல சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு பதிவேட்டைப் பார்த்து, ஒரு துண்டு நிலத்தில் போடுங்கள். விடுமுறைக்கு அறையை வாடகைக்கு எடுங்கள். இரண்டையும் ஒரே பணத்தில் செய்யலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

டிஸ்னியின் சொந்த டைம்ஷெயரான டிஸ்னி வெக்கேஷன் கிளப்பில் நேரடியாக வாங்குவதா, பழைய உரிமையாளரிடம் வாங்குவதா? லண்டனில் உள்ள அண்ணா 150 பொயின்ட் எடுக்கச் சொல்கிறார்.
*வாசகர், பதுளை*

நேரடியாக வாங்கினால் பொயின்ட்டுக்கு 200 டொலருக்கு மேல், 220 என்று வைப்போம். 150க்கு 33,000. பழையவரிடம் 100 டொலர் அளவில் கிடைப்பவை உண்டு, அப்படியென்றால் 15,000. இரண்டிலும் வருடக் கட்டணம் பொயின்ட்டுக்கு 9 டொலர் அளவில், ஆக 1,350. இனி மூன்றாவது வழி: உரிமையாளரிடம் பொயின்ட்டை வாடகைக்கு எடுப்பது, பொயின்ட் 20 டொலர் என்றால் 3,000. உரிமை இருந்தால் வருடத்துக்கு மிச்சமாவது 1,650. நேரடி விலை ஈடாக 20 வருடம், பழையது ஈடாக 9 வருடம், அதுவும் வருடம் தவறாமல் போனால். நீங்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை போகிற ஆள் என்றால் வாடகைதான்.

வாங்கியே தீருவேன் என்றால் 50 பொயின்ட்டோடு நில்லுங்கள். போன வருடத்தை நடு வருடத்துக்குச் சேமித்து, அடுத்த வருடத்தைக் கடன் வாங்கினால் மூன்றாண்டுக்கு ஒருமுறை 150 பொயின்ட் கையில் இருக்கும். சேமிப்பதை உங்கள் பாவனை ஆண்டின் (பொயின்ட் வந்துசேரும் மாதத்தில் தொடங்கும் ஆண்டு) முதல் எட்டு மாதத்துக்குள் செய்ய வேண்டும். கடன் வாங்கியதைத் திருப்ப முடியாது.

2019 ஜனவரி 19க்குப் பிறகு பழையவரிடம் வாங்கிய பொயின்ட் முதல் 14 ரிசோர்ட்டுக்கு மட்டுமே செல்லும், ரிவியேரா ரிசோர்ட்டும் அதற்குப் பின் வந்தவையும் இல்லை. சொந்த ரிசோர்ட்டை 11 மாதத்துக்கு முன்பும் மற்றவற்றை 7 மாதத்துக்கு முன்பும் பதியலாம், ஆகவே தங்க விரும்பும் இடத்திலேயே வாங்குங்கள். முடியும் ஆண்டைப் பாருங்கள். போர்ட்வோக், பீச் கிளப் இரண்டும் 2042இல் முடிகின்றன, சரடோகா ஸ்பிரிங்ஸ் 2054இல். பொயின்ட்டுக்குப் பத்து டொலர் குறைகிறது என்று பன்னிரண்டு வருடத்தை விட்டுவிடாதீர்கள். அண்ணா எந்த ரிசோர்ட் என்று எழுதவில்லை. கேட்டு எழுதுங்கள்.

எங்களிடம் இந்தியாவில் ஒரு டைம்ஷெயர் உண்டு. டைம்ஷெயர் வாரங்களை மாற்றிக் கொடுக்கும் ஆர்சிஐ நிறுவனம் மூலம் ஒர்லாண்டோவுக்கு மாற்ற முடியுமா?
*வாசகி, பண்டாரவளை*

உங்கள் ரிசோர்ட் ஆர்சிஐயோடு இணைந்ததென்றால் முடியும். ஒர்லாண்டோவில் டைம்ஷெயர் அறைகள் மிதமிஞ்சிக் கட்டப்பட்டுள்ளன. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் வாரங்கள் நீங்கலாக மாற்று கிடைப்பது கடினமல்ல. அதனால் ஒர்லாண்டோவில் வாங்குவதைவிட, கிடைப்பதற்கு அரிதான இடத்து வாரத்தை வைத்துக்கொண்டு ஒர்லாண்டோவுக்கு மாற்றுவதே புத்தி. உங்கள் வாரத்தை முடிந்தளவு முன்னதாக ஆர்சிஐயிடம் வைப்பிலிடுங்கள், பிந்தினால் அதன் மாற்று மதிப்பு இறங்கும். ஏறக்குறைய 300 டொலர் மாற்றுக் கட்டணம் என்று கணக்கில் வையுங்கள். சில ரிசோர்ட்டுகள் ஒரே ஆளை நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் எடுக்கும், பதிவுக்கு முன் அதை வாசியுங்கள்.

அம்மா வெளிச்சாப்பாடு சாப்பிட மாட்டார். ஸ்டூடியோ அறையில் சமைக்கலாமா?
*வாசகி, நுவரெலியா*

சமைக்க முடியாது. மைக்ரோவேவ், டோஸ்டர், சிறு குளிர்சாதனப் பெட்டி, அவ்வளவுதான். அடுப்பும் சலவை இயந்திரமும் ஒரு படுக்கையறை வீட்டிலிருந்துதான் வரும். இரண்டு படுக்கையறை வீட்டில் எட்டுப் பேர் வரை தங்கலாம். காய்ந்த மிளகாய் தாளிக்கும்போது புகை உறிஞ்சியைப் போடுங்கள், இல்லாவிட்டால் புகை எச்சரிக்கை மணி அலறும். அரிசி இங்கிருந்து கொண்டுபோகாதீர்கள், விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். மிளகாய்த்தூள், கறித்தூள் எதுவானாலும் சுங்க அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள்.

ஒர்லாண்டோவுக்குப் போன மாமா, இலவச டிக்கட் தருகிறோம் என்றதால் டைம்ஷெயர் விற்பனைக் கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டார். ரத்துச் செய்யலாமா?
*வாசகர், மாத்தளை*

எந்தத் திகதியில் வைத்தார்? அதை எழுதாமல் விட்டீர்களே, எல்லாம் அதில்தான் இருக்கிறது. புளோரிடாவில் கையெழுத்திட்ட நாளிலிருந்தோ கடைசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து 10 நாள். ஞாயிறும் சேர்த்துத்தான். இந்த உரிமையை வேண்டாம் என்று யார் எழுதி வாங்கியிருந்தாலும் செல்லாது. காரணம் சொல்லத் தேவையில்லை. ஒப்பந்த இலக்கம், பெயர்கள், "ரத்துச் செய்கிறேன்" என்ற ஒரு வரி, கையெழுத்திட்ட எல்லோருடைய கையெழுத்தும் போதும். ஒப்பந்தத்தில் உள்ள ரத்து முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். தபால் முத்திரைத் திகதிதான் கணக்கு. தொலைபேசியில் சொன்னால் போதும் என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். பிரித்தானியாவில் கையெழுத்திட்டவர்களுக்கு 14 நாள், அந்தக் காலத்துக்குள் முற்பணம் வாங்குவதே சட்டவிரோதம்.

எங்கள் வாரத்தை வாங்க ஆள் தயார், வரிக்கு 2,000 டொலர் முன்கூட்டியே அனுப்புங்கள் என்று வட்ஸ்அப்பில் வந்தது.
*வாசகர், வெலிமடை*

அனுப்பாதீர்கள், அது மோசடி. உண்மையான விற்பனையில் செலவுகள் விலையிலிருந்துதான் கழிக்கப்படும். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இன்றே வங்கிக்குப் போங்கள்.