தோட்டத்தில் கிடைத்த வெள்ளிக் காசு: யாரிடம் காட்டுவது, யாரிடம் காட்டக் கூடாது?

வாசகர் கேள்வி: இங்கிலாந்தின் சஃபோக் கவுன்டியில், ஒரு சின்ன கிராமத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மூன்று வாரம் முன்பு பின்தோட்டத்தில் அவரைக்குப் பாத்தி வெட்டும்போது ஒரு வெள்ளிக் காசு கிடைத்தது. நம் ஊர் இரண்டு ரூபாய்க் காசு அளவு இருக்கும். ஒரு பக்கம் ராஜா முகம், மறுபக்கம் பெரிய சிலுவை. சிலுவைப் பக்கம் மட்டும் பொன் பூசியது போல மஞ்சளாக இருக்கிறது. முகம் உள்ள பக்கத்தில் இரண்டு சின்னத் திட்டு ஒட்டியிருக்கிறது. உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தில் நான் உறுப்பினர். மாதக் கூட்டத்தில் காட்டினேன். அங்கே வந்திருந்த ஒருவர், "ஒற்றைக் காசுக்குச் சட்டம் எதுவும் இல்லை, நானே 60 பவுண்டு தருகிறேன்" என்றார். பக்கத்து வீட்டுக்காரரோ, சொன்னால் அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும் என்கிறார். புதையல் என்றால் காரனர் என்ற அதிகாரி விசாரிப்பார் என்று கேட்டதும் என் கணவருக்கு விசா பயம் வந்துவிட்டது. என்ன செய்வது? ஊருக்கு வரும்போது எடுத்து வந்து அப்பாவிடம் காட்டலாமா?

பதில்: விற்காதீர்கள். அந்த மனிதர் மறுபடி வந்து 100 பவுண்டு என்றாலும் விற்காதீர்கள். அடுத்தது, அந்தக் காசைத் தேய்க்காதீர்கள். நம் வீடுகளில் வெள்ளி கறுத்தால் கை தானாகப் புளிக்கோ விபூதிக்கோ போகும். இங்கே அது கூடவே கூடாது. எழுநூறு ஆண்டு மண்ணில் கிடந்த பொன்பூச்சு ஒரு நிமிடத் தேய்ப்பில் போய்விடும். ஒட்டியிருக்கும் மண்ணோடு, காற்றுப் போகும் சின்ன டப்பாவில் மெல்லிய காகிதம் வைத்து அப்படியே வையுங்கள். எந்த இடத்தில், எத்தனை ஆழத்தில் கிடைத்தது என்று இன்றே ஒரு தாளில் எழுதி, சுவரிலிருந்து அடி அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த "ஒற்றைக் காசு" விஷயம். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் 1997 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 300 ஆண்டுக்கு மேல் பழையதாக, எடையில் 10 சதவீதமாவது பொன்னோ வெள்ளியோ உள்ள பொருள் என்றால் அது புதையல். காசுக்கு மட்டும் தனிக் கணக்கு. பொன், வெள்ளிக் காசு ஒரே இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ கிடைத்தால்தான் புதையல். செம்பு, வெண்கலக் காசு என்றால் பத்து வேண்டும். ஆக, வயலில் தனியாகக் கிடைக்கும் ஒரு வெள்ளிக் காசு சட்டப்படி புதையல் ஆகாது. அவர் சொன்னது இதைத்தான்.

அவர் சொல்லாமல் விட்டது இது: காசை யாராவது நகையாக மாற்றியிருந்தால், சட்டத்தின் பார்வையில் அது காசு இல்லை, பொருள். பொருளுக்கு எண்ணிக்கைக் கணக்கு கிடையாது, ஒன்றே போதும். உங்கள் காசில் இருக்கும் இரண்டு திட்டும் பற்றவைத்த தடயம் போலத் தெரிகிறது. ஒன்று ஊசியின் கீல் இருந்த இடம், மற்றது ஊசி முனை மாட்டும் கொக்கி இருந்த இடம். பொன் பூசிய சிலுவைப் பக்கம் வெளியே தெரிய, ராஜா முகம் துணியோடு ஒட்டி மறைந்திருக்கும்படி ஆடையில் குத்திக்கொள்வார்கள். முதலாம் எட்வர்ட் மன்னர் 1279 வாக்கில் கிரோட் என்று நாலு பென்னி மதிப்புள்ள ஒரு பெரிய வெள்ளிக் காசு வெளியிட்டார். மக்களிடம் அது எடுபடவில்லை. ஆனால் அளவில் பெரியதாக, அழகாக இருந்ததால் உடை ஊசியாக மாற்றிக்கொண்டார்கள். இன்று கிடைக்கும் அந்த மன்னரின் கிரோட்டுகளில் பெரும்பாலானவற்றில் பொன்பூச்சோ பற்றவைப்புத் தடமோ இருக்கிறது. நீங்கள் சொன்ன அளவு, சிலுவைப் பக்கப் பூச்சு, முகப் பக்கத் திட்டு மூன்றும் இதோடு பொருந்துகின்றன. கையில் எடுத்துப் பார்த்து உறுதி சொல்ல வேண்டியவர் அங்கே கண்டெடுப்புகளைப் பதிவு செய்யும் அலுவலர் (யார் என்று கடைசியில் சொல்கிறேன்). ஆனால் புதையலாக இருக்கலாம் என்று நினைக்க இவ்வளவு காரணம் போதும். நினைக்கக் காரணம் இருந்தாலே காரனரிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது சட்டம்.

இதே விதி துளையிட்டுத் தாலிக்காசு போலக் கோத்த காசுக்கும், வளையம் வைத்துப் பதக்கமாக்கிய காசுக்கும் பொருந்தும். துளை நகைக்காகப் போட்டதா, வேறு எதற்காவது ஆணி அடித்ததா என்ற சந்தேகம் வரும். அதைத் தீர்ப்பது உங்கள் வேலையும் இல்லை, காசு வியாபாரியின் வேலையும் இல்லை. துளை, திட்டு, வளையம், ஒரு பக்கப் பூச்சு, இந்த நாலில் ஒன்று கண்ணில் பட்டாலும் "ஒற்றைக் காசு" என்ற பேச்சை மறந்துவிட்டு அலுவலரிடம் போங்கள். 2023-இல் இன்னொரு பிரிவும் சேர்த்தார்கள். அது மிக அபூர்வமான பொருள்களுக்கு, உங்களுக்குத் தேவைப்படாது.

சொல்ல 14 நாள் அவகாசம். மூன்று வாரம் ஆகிவிட்டதே என்று பதற வேண்டாம். கண்டெடுத்த நாளிலிருந்து மட்டும் அல்ல, புதையலாக இருக்கலாம் என்று உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்தும் கணக்கு வைக்கலாம். இதைப் படித்ததும் தெரிந்துவிட்டது. ஆகவே இந்த வாரமே செய்யுங்கள். காரணமில்லாமல் சொல்லாமல் விட்டால் மூன்று மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. உங்கள் கணவர் விசாவுக்குப் பயப்பட வேண்டிய இடம் இதுதான். சொல்வதால் எந்தக் கேடும் இல்லை.

காரனர் என்றால் சந்தேக மரணங்களை விசாரிப்பவர் என்றுதான் நமக்குத் தெரியும். அந்தப் பதவி 1194-இலிருந்து இருக்கிறது, புதையலைப் பார்ப்பதும் பழைய நாளிலிருந்தே அவர் பொறுப்பு. அங்கே யாரும் குற்றவாளி இல்லை. உங்கள் கவுன்டியிலேயே நடந்த கதை இருக்கிறது. 1939-இல் சட்டன் ஹூ மேட்டில் பேசில் பிரவுன் என்ற உள்ளூர் மனிதர், பட்டமெல்லாம் வாங்காதவர், ஆங்கிலேயரின் முன்னோரான ஆங்கிலோ-சாக்சன் மக்கள் புதைத்த ஒரு கப்பலின் தடத்தைத் தோண்டி எடுத்தார். அதன் பொன் நகைகள் யாருக்குச் சொந்தம் என்று இதே காரனர் விசாரணைதான் கிராம மண்டபத்தில் நடந்தது. அன்றைய சட்டப்படி அது புதையல் அல்ல, நிலத்துக்குச் சொந்தக்காரரான ஈடித் பிரிட்டியுடையது என்று தீர்ந்தது. அவர் அத்தனையையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடையாகக் கொடுத்துவிட்டார்.

அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும் என்பதும் சரியில்லை. 1992 நவம்பரில், அதே சஃபோக்கில் ஹாக்ஸ்ன் என்ற ஊரில், ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடிக் கொடுக்க எரிக் லாஸ் என்பவர் மெட்டல் டிடெக்டரோடு வயலுக்குப் போனார். கிடைத்தது ரோமானியப் பெட்டி ஒன்று. கிட்டத்தட்ட 15,000 காசுகள், பொன் நகைகள், வெள்ளிப் பாத்திரங்கள். கொஞ்சம் எடுத்ததுமே நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியல் ஆட்கள் வந்து முறையாகத் தோண்டியதால், பெட்டிக்குள் எது எதன் பக்கத்தில் இருந்தது என்பது வரை இன்று தெரியும். பரிசுத்தொகை 17.5 லட்சம் பவுண்டு. அவர் விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். அந்தச் சுத்தியலும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கிறது. அந்தப் பாத்திரங்களில் நாலு வெள்ளி மிளகுச் சிமிழ்கள் உண்டு. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் என்று முசிறியைப் பற்றிச் சங்கப் பாட்டு சொல்கிறதே, அந்த மிளகு வியாபாரத்தின் மறுமுனை நீங்கள் குடியிருக்கும் கவுன்டியில் மண்ணுக்குள் இருந்தது. இதைச் சொல்லாமல் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

உங்கள் ஊசியின் விலை அந்தப் பக்கமே போகாது. ஆனால் 60 பவுண்டு யார் போட்ட விலை? வாங்குகிறவரே போட்டது. முறைப்படி போனால், ஒரு மியூசியம் வாங்க விரும்பும்போது தனிக் குழு சந்தை விலையை மதிப்பிடும். அது வழக்கமாகக் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பாதிப் பாதி. எந்த மியூசியமும் வேண்டாம் என்றால் பொருள் திரும்பி வரும். வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரருக்கு இப்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பின்னால் தெரிந்து வருகிற சண்டைதான் மோசம்.

இனி அந்தக் கூட்டத்து ஆசாமி. இவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். வரலாற்றுச் சங்கக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்காருவார்கள். டீ இடைவேளையில்தான் வாய் திறப்பார்கள். புதிதாக வந்தவர்கள், வயதானவர்கள், சட்டம் தெரியாத வெளிநாட்டார் என்று பார்த்துத்தான் பேசுவார்கள். முதல் கேள்வி "எங்கே கிடைத்தது?" என்பது. விலை பேசுவது அதற்கப்புறம். காசைவிட இடம்தான் அவர்களுக்கு வேண்டும். நீங்கள் வீட்டு விலாசம் சொல்லியிருந்தால், அடுத்த சில வாரம் இரவில் தோட்டத்து விளக்கை எரியவிடுங்கள். இது மிகையான பேச்சு இல்லை. ரெண்டில்ஷாம் என்று உங்கள் கவுன்டியிலேயே ஓர் ஊர். இரவில் திருட்டுத்தனமாக டிடெக்டரோடு வயலில் இறங்குகிறார்கள் என்று நிலக்காரர் புகார் சொன்ன பிறகுதான் 2008-இல் அங்கே ஆய்வு தொடங்கியது. கடைசியில் அது ஆங்கிலோ-சாக்சன் காலத்துக் கிழக்கு ஆங்கிலிய அரசர்கள் வாழ்ந்த இடம் என்று தெரிந்தது. அதற்கு முன்பு இரவோடு இரவாகப் போனவை எத்தனை என்று யாருக்குமே தெரியாது.

ஃபேஸ்புக் குழுவில் படம் போட்டு "இது என்ன?" என்று கேட்பதும் இதே வலைதான். அடையாளம் சொல்ல வருகிறவர்களில் நல்லவர்கள் நிறைய உண்டு, தனிச் செய்தியில் வருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஓட்டலில் ஒரு நாள் கூடம் எடுத்து "பழங்காசு இலவச மதிப்பீடு" என்று விளம்பரம் செய்கிறவர்களும் அங்கே வாங்கத்தான் வருகிறார்கள். இன்னும் ஒரு வகை இருக்கிறது: "பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்று எழுதிக் கொடுங்கள்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் பொய் சொன்னவர் நீங்கள், அவர் அல்ல.

இதனால் என்ன போகிறது என்று கேட்கலாம். 2015-இல் ஹெர்ஃபோர்ட்ஷயரில் இரண்டு பேர் ஒரு வைக்கிங் காலப் புதையலை எடுத்து, யாருக்கும் சொல்லாமல் வியாபாரிகள் கையில் சிதறவிட்டார்கள். 2019-இல் இருவருக்கும் பல ஆண்டுச் சிறை கிடைத்தது. சுமார் 300 காசு இருந்திருக்கும் என்று கணக்கு, அந்த வழக்கில் மீண்டது முப்பது போலத்தான். மீண்டவற்றில், அன்றைய இங்கிலாந்தின் இரண்டு அரசுகளான வெசெக்ஸின் மன்னர் ஆல்ஃபிரட், மெர்சியாவின் மன்னர் கியோல்வுல்ஃப் இரண்டு பேரின் பெயரிலும் ஒரே மாதிரி அடித்த காசுகள் இருந்தன. பின்னாளில் எழுதியவர்கள் கியோல்வுல்ஃபை ஒன்றுக்கும் உதவாதவர் என்று எழுதி வைத்தார்கள். இந்தக் காசுகளோ இருவரும் கூட்டாளிகள் என்கின்றன. மீதிக் காசுகள் என்ன சொல்லியிருக்கும் என்பது போனது போனதுதான்.

சரி, யாரிடம் போவது? ஒவ்வொரு கவுன்டிக்கும் ஃபைண்ட்ஸ் லயசான் ஆஃபீசர் என்று ஒருவர் உண்டு, நான் சொன்ன அலுவலர் இவர்தான். பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் கண்டெடுப்புப் பதிவுத் திட்டத்தின் ஆள். சஃபோக்கில் கவுன்டி கவுன்சிலின் தொல்லியல் பிரிவில் கேட்டால் கிடைப்பார். கட்டணம் இல்லை. காரனருக்குத் தெரிவிப்பதும் அவர் மூலமாகவே நடக்கும். பொருளை ஒப்படைக்கும்போது ரசீது வாங்குங்கள்.

அப்புறம் காத்திருக்க வேண்டும், இதை மறைக்க மாட்டேன். அறிக்கை, காரனர், மதிப்பீட்டுக் குழு, மியூசியம் பணம் திரட்டுவது என்று ஓர் ஆண்டு போகும், இரண்டும் போகும். ஒரு தபாலுக்குப் பதில் வர மாதக்கணக்காகும். புதையலுக்கென்றே நாடு முழுவதற்கும் ஒரு தனிக் காரனர் வேண்டும் என்று 2009-இல் நாடாளுமன்றம் சட்டமே போட்டது. அந்தப் பிரிவு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. மரண விசாரணைகளே குவிந்து கிடக்கும் அலுவலகத்தில் உங்கள் உடை ஊசியும் வரிசையில் நிற்கும். ஒழுங்காகச் சொன்னவர்களை இப்படி இழுத்தடித்தால், அடுத்த முறை அவர்கள் கடைசி வரிசை ஆசாமியிடம் போவார்கள். அரசுக்கு இது தெரியும், தெரிந்தும் செய்யவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

ஊருக்கு எடுத்து வருவது கூடாது. பிரிட்டிஷ் மண்ணிலிருந்து எடுத்த தொல்பொருளை நாட்டை விட்டுக் கொண்டுபோக உரிமம் வேண்டும், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். அப்பாவுக்கு நல்ல படம் எடுத்து அனுப்புங்கள்.

சங்கத்தை விட்டு மட்டும் விலகிவிடாதீர்கள். கூட்டத்தில் பொருள் வாங்க, விற்கக் கூடாது என்று விதி போடச் சொல்லிச் செயலாளரிடம் பேசுங்கள். சஃபோக்கில் 1848 முதல் இயங்கும் தொல்லியல், வரலாற்றுக் கழகமே இருக்கிறது, உள்ளூர்ச் சங்கங்களுக்கு யோசனை கேட்க இடம் இல்லாமல் இல்லை. கல்லறை எழுத்துகளைப் படியெடுப்பது, உழுத வயலில் வரிசையாக நடந்து ஓடு பொறுக்குவது, சொற்பொழிவு என்று இந்தச் சங்கங்கள் செய்வதெல்லாம் சின்ன வேலையாகத் தெரியும். கிழக்கு இங்கிலாந்தின் கிராமங்களில் ஊர்மக்களே கொல்லைப்புறங்களில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழி எடுத்து, பத்துப் பத்து சென்டிமீட்டராகச் சலித்தார்கள். 55 ஊர், இரண்டாயிரம் குழி. 14-ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோய்க்குப் பிறகு அந்த ஊர்களில் பானை ஓடு சுமார் 45 சதவீதம் குறைந்துவிட்டது என்று அதிலிருந்துதான் 2016-இல் தெரியவந்தது. உங்கள் ஊசியை அணிந்தவர் அந்தக் கொள்ளைநோய்க்கு இரண்டு தலைமுறை முன்பு வாழ்ந்தவராக இருக்கலாம். அலுவலர் பார்த்து முடித்த பிறகு, வீட்டுக்காரர் சம்மதத்தோடு அதே பாத்திக்குப் பக்கத்தில் அப்படி ஒரு குழி போட முடியுமா என்று சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். அதுவரை அந்த இடத்தில் மண்வெட்டி வைக்காமல், அவரையைத் தொட்டியில் போடுங்கள்.