டாரட் கார்டை அர்த்தம் மனப்பாடம் பண்ணாமல், படத்தை மட்டும் பார்த்துப் படிக்க முடியுமா?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது: பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறீர்கள், பலன் பார்க்கும் டாரட் படக் கார்டுக் கட்டு வாங்கி மூன்று மாதமாகிறது, 78 கார்டின் அர்த்தமும் மனதில் நிற்கவில்லை, இதுவும் சோழி வைத்துப் பலன் சொல்லும் நம் பக்கத்துப் பிரசன்னம் மாதிரிதானா?

கடைசிக் கேள்விக்கு முதலில். அஷ்டமங்கலப் பிரசன்னத்தில் 108 சோழியை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எட்டெட்டாகக் கழித்து, மிச்சத்தை வைத்துப் பலன் சொல்வார்கள். அங்கே கணக்கு தெரியாதவர் வாய் திறக்க முடியாது. டாரட்டைப் படம் பார்த்துப் படிப்பதில் கணக்கே இல்லை, கண்தான் வேலை செய்கிறது. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

இப்போது உங்கள் கட்டில் கோப்பை ஐந்தை எடுத்துப் பாருங்கள். கறுப்புப் போர்வை போர்த்தி ஒருவர் நிற்கிறாரா, அல்லது ஐந்து கோப்பைகள் வரிசையாக அடுக்கியிருக்கின்றனவா? கோப்பைகள் மட்டும் என்றால் அது மார்செய் என்னும் பழைய பிரெஞ்சு வகை. அதில் ஒன்று முதல் பத்து வரையுள்ள எண் கார்டு நாற்பதிலும் காட்சி கிடையாது. ஆரம்பத்துக்கு அது ஒத்துவராது. 1909-ல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டை ஒட்டி வந்த ஏதாவது ஒன்று வாங்குங்கள். ஏ.இ. வெயிட் என்ற எழுத்தாளர் சொல்ல, ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த அந்தக் கட்டில், எண் கார்டுகளிலும் மனிதர்கள் ஏதோ செய்துகொண்டிருப்பார்கள். கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு இனம். எண் கார்டு நாற்பதிலிருந்தே தொடங்குங்கள். ‘மரணம்’ போலத் தனிப்பெயர் கொண்ட பெரிய கார்டு 22-ஐயும் பிறகு எடுக்கலாம். அவற்றின் அடியில் அச்சிட்டிருக்கும் பெயரே பாதி அர்த்தத்தைத் திணித்துவிடும். எடுக்கும்போது ஒரு காகிதத் துண்டால் பெயரை மறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கார்டுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். போனில் இன்னொருவருக்கு அந்தப் படத்தை விவரிப்பது போல வாய்விட்டுச் சொல்லுங்கள். யார் இருக்கிறார்கள், கை என்ன செய்கிறது, முகம் எந்தப் பக்கம், காலடியில் மண்ணா தண்ணீரா, வானம் எப்படி. ‘சோகம்’, ‘துரோகம்’, ‘வெற்றி’ போன்ற சொற்களுக்கு இந்த இரண்டு நிமிடமும் தடை. பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் போதும். கோப்பை ஐந்தில் மூன்று கோப்பை கவிழ்ந்து கிடக்கிறது, அவர் அதைப் பார்க்கிறார். முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கிறது. தூரத்தில் ஆறு, பாலம், ஒரு கோட்டை. ‘இழப்பு’ என்று புத்தகத்தில் படித்தவருக்குப் பாலம் கண்ணில் படவே படாது. மனப்பாடத்தோடு எனக்குள்ள சண்டையே அதுதான்.

மூன்று கார்டு வைத்துப் பார்ப்போம். கேள்வி: ‘கோயம்புத்தூர் வேலைக்குத் தினமும் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டிப் போய்வரும் என் நிலைமையில் நான் கவனிக்காதது எது?’ ‘வீடு மாறலாமா?’ என்று கேட்டால் படத்துக்குப் பேச இடமிருக்காது, தலையாட்டத்தான் முடியும். வந்தவை கோல் பத்து, வாள் இரண்டு, வாள் ஆறு என்று வையுங்கள்.

கோல் பத்தில் ஒருவர் பத்துக் கோலையும் முகத்துக்கு முன்னால் அணைத்துச் சுமக்கிறார். வீடு தெரியும் தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் அவருக்குக் கோல்தான் தெரியும். அதையே தோளில் போட்டிருந்தால் வழி தெரிந்திருக்கும். சுமையைவிடச் சுமக்கிற விதம்தான் இங்கே சிக்கல். அவர் நடப்பது வலப்பக்கம், அதாவது அடுத்த கார்டை நோக்கி. அங்கே கண் கட்டிய பெண், கை குறுக்கே இரண்டு வாள். கையை யாரும் கட்டவில்லை என்பதைப் பாருங்கள். வாளைக் கீழே வைத்தால் கண்கட்டை அவளே அவிழ்க்கலாம். வாடகை என்ன, அட்வான்ஸ் எவ்வளவு என்று கேள்வி கேட்டவர் இதுவரை விசாரித்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? வாள் ஆறில் படகு. ஒருவர் கழி ஊன்றுகிறார், ஒரு பெண்ணும் குழந்தையும் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறு வாளும் படகிலேயே குத்தி நிற்கின்றன. மாறினாலும் பிரச்சினை கூடவே வரும் என்று படிக்கலாம். வாளைப் பிடுங்கினால் ஓட்டை விழும் என்றும் படிக்கலாம். எது என்று கேட்டவரிடமே விடுங்கள். கூடவே, கழி யார் கையில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

அதிகம் தவறுவது எங்கே என்றால், மனக்கவலையை உள்ளுணர்வு என்று நினைத்துக்கொள்வதில். சோதிப்பது எளிது. நீங்கள் சொன்னதற்குக் கார்டில் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா? முடியாவிட்டால் அது உங்கள் பயம், படத்தில் இல்லை. மரணக் கார்டு வந்ததும் கை நடுங்குகிறவர்கள் குதிரையேறிய எலும்புக்கூட்டோடு நின்றுவிடுகிறார்கள். அதே படத்தில் ராஜா விழுந்து கிடக்கிறார், மதகுரு கைகூப்பி நிற்கிறார், ஓர் இளம்பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், ஒரு குழந்தை நேராகவே பார்க்கிறது. தொடுவானத்தில் இரண்டு கோபுரத்துக்கு நடுவே சூரியன். இந்த நால்வரில் நீங்கள் யார் என்று கேட்டால் வாசிப்பு நகரும்.

பிடித்த பதில் வரும்வரை நாலாவது, ஐந்தாவது கார்டு இழுப்பது இன்னொரு வியாதி. எத்தனை கார்டு என்று கலைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். தலைகீழ்க் கார்டை முதல் ஆறு மாதம் நேராகத் திருப்பியே படியுங்கள். காசு ஐந்தில் பனியில் இரண்டு ஏழைகள், மேலே வெளிச்சமான வண்ணக் கண்ணாடி ஜன்னல். பனி நமக்குப் பழக்கமில்லை. இடவப்பாதி என்னும் ஜூன் மழையில் நனைந்துகொண்டே விளக்கெரியும் வீட்டைத் தாண்டிப் போகிறவர்களை நினைத்துக்கொண்டால் படம் பிடிபடும்.

உங்கள் வாசிப்பை நோட்டில் எழுதிய பிறகு புத்தகத்தைத் திறங்கள், அதற்கு முன் வேண்டாம். உடல்நலம், கேஸ், கடன் பற்றி யாராவது கேட்டால் டாக்டரிடமும் வக்கீலிடமும் அனுப்புங்கள். படத்தில் அதற்கு விடை இல்லை.

மழைக்காலத்தில் கார்டு ஈரம் குடித்து இரண்டிரண்டாக ஒட்டும். அப்போது ஒரே ஜோடி திரும்பத் திரும்ப வருவதைச் சகுனம் என்று நினைத்துவிடாதீர்கள். துணி விரித்து, 78-ஐயும் குப்புறப் பரப்பி, இரண்டு கையாலும் ஒரு நிமிடம் துழாவிக் கலையுங்கள். டப்பாவில் ஒரு சிலிக்கா பொட்டலம் போட்டு வையுங்கள், செருப்புப் பெட்டியில் வருவதே போதும்.